சுங்கானைத் தேர்ந்தெடுக்கும் முன்



சிகரெட்டுடன் பிடிபட்ட மகனை நம் வாப்பாமார்கள் கண்டிக்கிறார்கள். பீடி பிடிப்பவரைப் பக்கத்தில் உட்காரவைக்கவும் தயங்குகிறார்கள். அதே வீட்டில், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை பளபளக்கும் மரச் சுங்கான் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தால், அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன மரம் இது?" என்று விசாரிக்கிறார்கள். புகையிலைக்கு நம்மிடையே இப்படியொரு புதிய மரியாதை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த மரியாதையை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அண்மையில் படித்த இளைஞர் ஒருவர் நம்மிடம் மிகுந்த அடக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டார். "ஹஸ்ரத், நான் சிகரெட் தொட்டதே இல்லை. பைப் பிடிக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். புகையை உள்ளே இழுக்கப் போவதில்லை. வாரத்தில் ஒருநாள், அதுவும் நல்ல புகையிலை. உலமாக்கள் புகைப்பதை மக்ரூஹ் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்?" கேட்டவரின் அடக்கத்தை மதிக்கிறோம். ஆனால் அந்தக் கேள்விக்குள் அடுக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு சொல்லும் சோதித்துப் பார்க்க வேண்டியது. 'தொடங்கலாம்', 'உள்ளே இழுக்கப் போவதில்லை', 'நல்ல புகையிலை', 'மக்ரூஹ்தானே' ஆகிய நான்கில் எதுவும் அவர் எண்ணுவது போல் உறுதியான தரையில் நிற்கவில்லை.

ஒரு விஷயத்தை அறியாமல் கண்டிப்பது கல்வியைச் சுமப்பவர்க்கு அழகன்று. ஆகவே சுங்கான் பிடிக்கக் கற்றுக்கொடுப்போர் புதியவருக்குச் சொல்வது என்ன என்பதை நாம் பொறுமையாகக் கேட்டறிந்தோம். முதலில் சுங்கானைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேரில் முண்டு போல் திரண்டிருக்கும் கட்டை 'பிரையர்' எனப்படுகிறது. அது நெருப்பைத் தாங்கும், எளிதில் கருகாது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள செயின்ட் குளோட் என்னும் ஊர் அக்கட்டையில் சுங்கான் செய்தே பெயர் பெற்றது. விலை குறைவாக வேண்டுமென்றால் மக்காச்சோளத்தின் தக்கையைக் குடைந்து செய்த சுங்கான் உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1869 முதல் அதைத் தொழிலாகவே செய்துவருகிறார்கள். விலை பொருட்டில்லை என்றால் மீர்ஷாம். அது துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கப்படும் வெண்மையான, இலேசான கனிமம். அதில் தலைப்பாகையும் தாடியும் உள்ள சுல்தானின் முகத்தைச் செதுக்கி விற்கிறார்கள். (அந்தத் தலையின் உச்சியில் நெருப்பு வைத்துப் புகைப்பதை 'இஸ்லாமியப் பாரம்பரியம்' என்று ஒருவர் நம்மிடமே பெருமையாகச் சொன்னார். நாம் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.) தண்டு நேரானதா வளைந்ததா, கிண்ணம் ஆழமானதா அகலமானதா என்றெல்லாம் பேச்சு நீள்கிறது.

அடுத்து இலை. வெர்ஜீனியா இனிப்பானது, பர்லி காய்ந்த கொட்டைப்பருப்பின் மணமுடையது, சிரியாவின் துறைமுக நகரான லாத்தகியாவின் பெயரைத் தாங்கிய இலை, விறகுப் புகையில் பதப்படுத்தப்பட்டுக் கறுத்துப்போனது, இன்று பெரும்பாலும் சைப்ரஸில் விளைகிறது, லூசியானாவில் பீப்பாய்க்குள் அழுத்திப் புளிக்கவைக்கப்படும் பெரீக் மிளகைப் போல் காரமானது. புதியவருக்கு இவற்றுள் எதையும் முதலில் கொடுக்கமாட்டார்கள். வனிலா, செர்ரி, சாக்லேட் முதலிய மணங்கள் ஏற்றிய கலவையையே கொடுப்பார்கள். பிறகு நிரப்பும் முறை: அடியில் குழந்தையின் கை அழுத்துவது போல் மென்மையாக, நடுவில் பெண்ணின் கை போல், மேலே ஆணின் கை போல் அழுத்தமாக. முதல் தீ மேற்பரப்பைக் கருக்குவதற்கு மட்டுமே. சாம்பலை மெதுவாக அழுத்திவிட்டு மீண்டும் பற்றவைக்க வேண்டும். விரைந்து இழுத்தால் நாக்கு எரியும். புதுச் சுங்கானின் உட்சுவரில் கரிப்படலம் பிடிக்கும்வரை பாதியளவே நிரப்ப வேண்டும். ஒரு முறை பிடித்த சுங்கானை மறுநாள்வரை ஆறவிட வேண்டும். ஆகவே ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் நாம் எடுத்தெழுதியது வழிகாட்டுவதற்காக அல்ல. மத்ரஸாவில் ஒரு நூலைப் பாடம் நடத்தும்போது, ஆசிரியர் எதைச் சொன்னார் என்பதோடு, எதை ஏற்றுக்கொண்டவராக அதைச் சொன்னார் என்றும் மாணவரைக் கேட்கச் சொல்வோம். அந்த முறையில் இந்த அறிவுரைகளைப் படித்துப் பாருங்கள். 'ஒன்றுக்கு இரண்டாக வாங்கு' என்பவர், நீங்கள் வாரம் ஒருநாளோடு நிற்கப்போவதில்லை என்பதை முன்பே அறிந்திருக்கிறார். 'இனிப்பு மணத்தில் தொடங்கு' என்பவருக்கு, புகையிலையின் இயல்பான சுவை மனித நாவுக்கு ஒவ்வாதது என்பது தெரியும். 'உள்ளே இழுக்காதே' என்பவர், அந்தப் புகை உடலுக்குள் செல்லத் தகாதது என்று தம் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டார். நாக்கு எரிகிறதே என்றால், 'பழகிவிடும்' என்கிறார்கள். ரப்புல் ஆலமீன் நம் நாவில் வைத்த எச்சரிக்கை மணியை அவிழ்த்துவிடுவதற்குத்தான் இந்தப் 'பழகுதல்'.

இன்னும் ஒன்று. கடைக்காரர் உங்களிடம் எத்தனையோ கேள்வி கேட்பார். எந்த மரம், எந்த வடிவம், எந்த இலை, எந்த வெட்டு? வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை மட்டும் கேட்கமாட்டார். 'எது' என்பதில் உங்களை மூழ்கவைத்தால் 'ஏன்' என்பது தானாக மறந்துபோகும். சிகரெட் வாங்குபவன் ஒரு நிமிடத்தில் வாங்கிவிடுகிறான். தான் கெட்ட பழக்கம் ஒன்றைச் செய்கிறோம் என்பது அவனுக்கே தெரியும். சுங்கானைத் தேர்ந்தெடுப்பவரோ பல வாரங்கள் படிக்கிறார், ஒப்பிடுகிறார், பணம் சேர்க்கிறார். முடிவில் தம்மை ஒரு கலையின் மாணவர் என்று நம்பிவிடுகிறார். மாணவரிடம் போய் 'உன் கலையே விஷம்' என்று யார் சொல்வது? இதனாலேயே சுங்கானின் கண்ணியத்தை சிகரெட்டின் இழிவைவிட அபாயமானதாக நாம் கருதுகிறோம்.

இனி, 'உள்ளே இழுக்கப் போவதில்லை' என்பதைப் பார்ப்போம். சிகரெட்டின் புகை பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது; அதிலுள்ள நிக்கோட்டின் நுரையீரலை எட்டிய பிறகே விரைவாக இரத்தத்தில் கலக்கும். சுங்கானிலும் சுருட்டிலும் எரியும் இலையின் புகை பொதுவாகக் காரத்தன்மை மிகுந்தது. அது வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். நுரையீரலை எட்டாமலே அடிமைத்தனம் பிறக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டுச் சுங்கானுக்கு மாறியவர்களோ பழைய பழக்கத்தால் இந்தப் புகையையும் உள்ளிழுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் இரண்டின் தீங்கையும் சேர்த்தே சுமக்கிறார்கள்.

உள்ளிழுக்காத புகையும் எங்கோ தங்கத்தான் செய்கிறது. உதடு, நாக்கு, ஈறு, தொண்டை ஆகிய இடங்களை அது நிதானமாக நனைத்துக்கொண்டே இருக்கிறது. இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததும் அன்று. சிகரெட் என்பது பரவலாவதற்கு வெகுகாலம் முன்பு, 1795லேயே, சோமரிங் என்னும் ஜெர்மானிய மருத்துவர் சுங்கான் பிடிப்போரிடம் உதட்டுப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதைக் குறித்துவைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சுங்கானையும் சுருட்டையும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்குக் காரணமானவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. சுங்கானால் நுரையீரலுக்கு வரும் ஆபத்து சிகரெட்டினும் குறைவு என்பது உண்மையே. அதை மறைக்க நமக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் புகைக்காதவரோடு ஒப்பிட்டால் அது அதிகமே. சிகரெட்டோடு ஒப்பிட்டு மனநிறைவு அடைய நினைக்கும் இளைஞர், தாம் இன்றுவரை எதையுமே புகைக்காதவர் என்பதை மறந்துவிடுகிறார். அவர் ஒப்பிட வேண்டியது இன்றைய தம் வாயோடும் தம் நெஞ்சோடும்தான்.

'நல்ல புகையிலை' என்ற சொல்லுக்கும் இங்கேயே பதில் முடிந்துவிடுகிறது. விலையுயர்ந்த டப்பாவில் வந்தாலும் இலை எரிந்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் பிறக்கத்தான் செய்யும். இந்தியாவில் முறையாக விற்கப்படும் டப்பாவின் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறை. நல்ல பொருள் ஒன்றுக்கு எந்த அரசும் அப்படிப் போர்வை போர்த்தியதில்லை.

அரபு நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளிடையே ஹுக்காவும் இப்படித்தான் 'சிகரெட் இல்லையே' என்று நுழைந்தது. தண்ணீர் புகையைக் குளிர்விக்கிறதே ஒழிய நஞ்சை வடிகட்டுவதில்லை. ஒரு முறை அமர்ந்து ஹுக்கா பிடிப்பவர், நூறு சிகரெட் பிடிப்பவர் இழுக்கும் அளவுக்கோ அதற்கு மேலோ புகையை உள்வாங்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 2005இல் எச்சரித்தது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே இவ்வளவு போதும்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். 'உலமாக்கள் மக்ரூஹ் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்' என்பவர் ஓரளவு உண்மையையே பேசுகிறார். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் காலத்திலோ நான்கு இமாம்களின் காலத்திலோ இவ்வுலகின் நம் பக்கம் அதை அறிந்தவர் எவருமில்லை. கி.பி. 1600ஐ ஒட்டியே அது உஸ்மானியர்களின் நிலத்தை வந்தடைந்தது. வந்தவுடன் உலமாக்களிடையே கடுமையான கருத்துவேறுபாடு எழுந்தது. எகிப்தில் மாலிகி மத்ஹபைச் சேர்ந்த இப்ராஹீம் அல்லகானி அதைத் தடுக்கப்பட்டது என்று எழுதினார். அதே எகிப்தில், அதே மத்ஹபில், அலீ அல்உஜ்ஹூரி அனுமதிக்கப்பட்டது என்று எழுதினார். டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலூஸி (1641-1731) 'சகோதரர்களிடையே சமாதானம்' என்னும் பொருள்படும் தலைப்பில் அனுமதிக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் கல்யூபியோ, உடலை நோய்க்குத் திறந்துவிடுவது என்பதால் அது ஹராம் என்றார். இந்தப் பெரியோர் எவரையும் குறைத்துப் பேச நமக்குத் தகுதி கிடையாது.

ஆனால் அனுமதித்தவர்கள் எதன் மீது நின்று அனுமதித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பொருள்களின் அடிப்படை நிலை அனுமதியே. இது மயக்கம் தருவதன்று. பொதுவான தீங்கு நிறுவப்படவில்லை. யாருக்குத் தீங்கு செய்கிறதோ அவருக்கு மட்டும் தடுக்கப்பட்டதாகும். இதுவே அவர்களது வாதத்தின் முதுகெலும்பு. அவர்கள் வைத்துச் சென்ற நிபந்தனை தீங்கு. அத்தீங்கு நிறுவப்பட்டுவிட்டால் அவர்களுடைய நூலே அவர்களுடைய அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

முகலாயர் அவையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதை அழகாகக் காட்டும். 1604ஆம் ஆண்டளவில் அஸத் பேக் என்பவர் பீஜப்பூரிலிருந்து புகையிலையையும் மணிகள் பதித்த அழகிய சுங்கான் ஒன்றையும் கொண்டுவந்து அக்பர் பாதுஷாவின் முன் வைத்தார். பாதுஷா ஓரிரு முறை இழுத்தும் பார்த்தார். அவை ஹக்கீம் தடுத்தார். இது நமக்குப் புதியது, மருத்துவர்கள் இதைப் பற்றி எதுவும் எழுதிவைக்கவில்லை, சோதிக்கப்படாத ஒன்றைப் பாதுஷாவுக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவரது வாதம். அஸத் பேக் விடவில்லை; ஐரோப்பியர்கள் அறியாதவர்கள் அல்லர், அவர்களின் அறிஞர்கள் சோதித்திராமலா இருப்பார்கள் என்றார். அக்பரும், பிற நாட்டு அறிஞர் ஏற்ற ஒன்றை நம் நூல்களில் இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிட முடியாது என்னும் கருத்தைச் சொன்னார். அன்றைய நிலையில் அது நியாயமான பேச்சே. இன்றோ அந்த ஹக்கீம் 'எழுதப்படவில்லை' என்று சொன்னது எழுதப்பட்டுவிட்டது. எல்லா நாட்டு மருத்துவர்களும் ஒரே குரலில் எழுதிவிட்டார்கள். புகையிலையால் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டுபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அக்பரின் வாதத்தையே இன்று எடுத்துக்கொண்டாலும் அது சுங்கானுக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லும். அவர் மகன் ஜஹாங்கீர் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. 1617இல் புகைப்பதைத் தடைசெய்தார்.

தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்வதை அல்பகரா அத்தியாயம் 195ஆம் வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். தமக்கும் பிறர்க்கும் தீங்கிழைக்கலாகாது என்பது நபிமொழியிலிருந்து பிறந்த சட்டவிதி. மருத்துவம் பேசாத காலத்தில் இவ்விரண்டையும் புகையிலையோடு பொருத்துவதில் ஐயத்துக்கு இடமிருந்தது. இன்று ஐயம் நீங்கிவிட்டது. நம் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 1995இலேயே புகைப்பதை ஹராம் என்று அறிவித்தது. இந்தோனேசிய உலமா சபை 2009இல் சிறுவர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் பொது இடங்களிலும் ஹராம் என்ற அளவில் நின்றது. மக்ரூஹ் என்று சொல்லும் ஆலிம்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு சண்டையிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஏனெனில், அவர்களின் ஃபத்வாவும் இந்த இளைஞருக்குப் பொருந்தாது. இதுவே நாம் சொல்ல வந்ததில் தலையாயது. பிற்காலத்து உலமாக்கள் புகையிலை விஷயத்தில் மென்மை காட்டியதற்கு ஒரு பெரிய காரணம் 'உமூமுல் பல்வா'. ஒரு சோதனை மக்கள் அனைவரையும் சூழ்ந்து, அதிலிருந்து தப்புவது கடினமாகிவிட்டால், சட்டம் அவர்களிடம் இரக்கம் காட்டும். நகரமே புகைத்துக்கொண்டிருந்தபோது, பல ஆண்டுகளாக அடிமைப்பட்டுப் போனவர்களைப் பெரும்பாவிகள் என்று முத்திரை குத்தவும், அவர்களின் சாட்சியத்தைத் தள்ளவும் அந்தப் பெரியோர்க்கு மனம் வரவில்லை. அந்த இரக்கம் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கு உரியது. வெளியே, திறந்த வெளியில், சுத்தமான காற்றை இழுத்துக்கொண்டு நிற்கும் ஒருவர் அந்தச் சலுகைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கூண்டுக்குள் நுழைவது எந்த மத்ஹபின் நியாயம்? அவருக்கு நிர்ப்பந்தமில்லை. வழக்கமில்லை. நடுக்கமும் தலைவலியும் அவரைத் துரத்தவில்லை. மருந்தின் தேவையுமில்லை. தீங்கை அறிந்தும் தாமே தேர்ந்தெடுக்கிறார். தொடங்குபவருக்கும் தொடர்பவருக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவது ஃபிக்ஹின் நுட்பத்தை அறியாதவர் செயல்.

நாம் இப்படிப் பேசும்போது வழக்கமாக ஒரு மறுப்பு வரும். "பிரியாணியும் நெய்யும் சர்க்கரையும்கூடத்தான் உடலுக்குத் தீங்கு. அவற்றையும் ஹராம் என்பீர்களா?" கேட்பவர் கெட்டிக்காரர் என்று எண்ணிக்கொண்டே கேட்பார். நெய் உணவு, அளவு மீறினால் தீங்கு. அளவுக்குள் இருந்தால் வலிமை. சுங்கானில் எந்த அளவுக்குள் ஊட்டச்சத்து இருக்கிறது? எத்தனை இழுப்புக்கு உடல் நன்றி சொல்கிறது? அளவு மீறுவதால் கெடுவது ஒன்று, தொட்டதிலிருந்தே கெடுப்பது வேறொன்று. இதைப் பிரித்தறிய ஆலிமாக வேண்டியதில்லை, அடுப்படியில் நிற்கும் நம் உம்மாமார்களுக்கே தெரியும்.

"மனஅமைதிக்காகப் பிடிக்கிறேன், சிந்திக்க உதவுகிறது" என்பார் இன்னொருவர். அடிமைப்பட்டவருக்கு அடுத்த நிரப்பல் கிடைத்ததும் வரும் அமைதி, முந்தைய நிரப்பல் உண்டாக்கிய தவிப்பு அடங்குவதே. பிடிக்காதவருக்கு அந்தத் தவிப்பே இல்லை. ரமழானில் இதைக் கண்கூடாகக் காணலாம். புகைப்பது நோன்பை முறிக்கும். ஆகவே பகலெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தவர், மஃக்ரிப் பாங்கு ஒலித்ததும் பேரீத்தம்பழம் ஒன்றை வாயில் போட்டுவிட்டு மாடிப்படியை நோக்கி ஓடுகிறார். ஜமாஅத் தொழுகையில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்று அறிவுறுத்தியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஹலாலான காய்க்கே அந்த ஒழுங்கு என்றால், லாத்தகியாவுக்கு என்ன சொல்வது?

இங்கே நம் ஊர் நிலையையும் சொல்லியாக வேண்டும். மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நம் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை நிரப்பி, நூல் சுற்றிப் பீடி செய்து குடும்பம் காத்திருக்கிறார்கள். நாளெல்லாம் குனிந்த முதுகும் புகையிலைத் தூசி படிந்த மூச்சுமே அவர்கள் கண்ட பலன். அந்தப் பெண் சுற்றிய பீடி கேவலம். எங்கோ ஒரு தொழிற்கூடத்தில் மணமேற்றி டப்பாவில் அடைத்துவந்தது நாகரிகம். இரண்டும் ஒரே செடியின் குடும்பம்தான். மார்க்கத்தின் அளவுகோல் தீங்கு என்றால் இரண்டையும் ஒன்றாகவே அளக்கட்டும். விலையே அளவுகோல் என்றால் அதை மார்க்கத்தின் பெயரால் பேச வேண்டாம். வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கிக்கொண்டே மகனின் சிகரெட்டைக் கண்டிக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களின் கண்டிப்பை மகன் கேட்பதில்லை என்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

செலவைப் பற்றியும் ஒரு சொல். கியாமத் நாளில் அடியான் தன் வாழ்நாளை எதில் கழித்தான், உடலை எதில் தேய்த்தான், செல்வத்தை எங்கிருந்து பெற்று எதில் செலவிட்டான் என்று கேட்கப்படுவான் என்பது நபிமொழியின் கருத்து. சுங்கான் இம்மூன்றையும் ஒரே கிண்ணத்தில் நிரப்பிக் கொளுத்துகிறது. ஒரு நிரப்பல் எரிந்து முடிய முக்கால் மணிநேரமோ ஒரு மணிநேரமோ ஆகும். நல்ல பிரையர் சுங்கான் பல ஆயிரம் ரூபாய். பிறகு துடைக்கும் கம்பி, அழுத்தும் கட்டை, வைக்கும் தாங்கி, இரண்டாவது சுங்கான், மூன்றாவது டப்பா. ஐந்நூறு ரூபாய் ஸதக்காவுக்கு இரண்டு முறை யோசிப்பவர் இதில் கணக்கே பார்ப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும்போது மச்சானுக்கும் கல்லூரித் தோழனுக்கும் அன்பளிப்பாகச் சுங்கான் வாங்கிவரும் வழக்கம் ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. அன்பளிப்பு சுன்னத்தான செயல்தான். ஆனால் இதுவரை புகைக்காத ஒருவரின் கையில் முதல் சுங்கானைக் கொடுப்பவர், அவர் அதன்பின் கொளுத்தும் ஒவ்வொரு நிரப்பலிலும் தமக்கும் ஒரு பங்கு எழுதப்படுமோ என்று அஞ்ச வேண்டும். நன்மையில் ஒருவருக்கொருவர் உதவுங்கள், பாவத்தில் உதவாதீர்கள் என்ற கருத்து அல்மாயிதாவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அத்தரும் பேனாவும் கடிகாரமும் தீர்ந்துபோய்விடவில்லை. கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களும் இதே அச்சத்தோடு தங்கள் அலமாரியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வாப்பாமார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடித்தும் மிரட்டியும் இதை நிறுத்திவிடலாம் என்று எண்ண வேண்டாம். உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் புகைப்பதைத் தடைசெய்து, மீறியவர்களுக்கு மரண தண்டனையே விதித்தார். அக்காலத்தில் வாழ்ந்த துருக்கி அறிஞர் காத்திப் செலெபி எழுதிவைத்திருப்பது என்ன தெரியுமா? தண்டனை நிறைவேறிக்கொண்டிருந்த நேரத்திலும் சிப்பாய்கள் சட்டைக்கையிலும் பையிலும் குட்டைச் சுங்கானை மறைத்துவைத்துக்கொண்டு சமயம் பார்த்துப் புகைத்தார்களாம். வாளுக்கு அஞ்சாத நிக்கோட்டின் வாப்பாவின் பிரம்புக்கு அஞ்சப்போவதில்லை. பிள்ளை இன்னும் 'எதை வாங்கலாம்' என்று விசாரித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களே உங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். "என்ன மரம் இது?" என்று கேட்காதீர்கள். "இதுவரை இல்லாமல் இருந்தாயே, இப்போது எதற்கு?" என்று அமைதியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு இக்கட்டுரையின் கடுமை உரியதன்று. அவர்களுக்காகத் துஆச் செய்கிறோம். விட்டுவிட நினைப்பவர் மருத்துவ உதவி நாடுவதில் வெட்கத்துக்கு இடமில்லை. நோய்க்கு மருந்து தேடுவது நம் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. இந்திய அரசு இதற்கென நடத்தும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. அந்த எண் புகையிலை உறையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.